இரண்டாவது வழி

எலிசியோ ஐந்து மணிக்கு எழுந்தான். காபி போட்டான். நேற்றைய தொர்த்தியா ரொட்டியை வாட்டி, பீன்ஸ் வைத்துச் சுருட்டினான். அளவுக்கருவியின் பேட்டரியைச் சரிபார்த்தான். இரண்டு கேன் தண்ணீரை வண்டியில் ஏற்றினான். கட்டிலின் மறுபாதி கலையாமல் கிடந்தது.

கீழே கள்ளி நிற்கும் பாலை, மேலே பைன் காடு. இரண்டுக்கும் நடுவே இருந்த நாற்பது வீடுகளில், சென்ற ஜூன் மாதத் தீ ஒன்பதைத்தான் விட்டுவைத்தது. அந்தச் சரிவுக்குப் புது வரைபடம் போடுவது அவன் வேலை. வெளியேற இரண்டு வழி இருந்தால்தான் திரும்ப வீடு கட்ட அனுமதி. ஒன்று தார்ச்சாலை. மற்றது, ஓடையை ஒட்டி இறங்கும், மரம் ஏற்றும் லாரிகளின் பழைய பாதை.

அதில் பாதிதூரம் நடந்தான். அங்கே ஓடை பாதையை அரித்துத் தின்றிருந்தது. ஆளுயரப் பள்ளம். உள்ளே முளைத்துக் கருகி நின்ற ஜூனிப்பர் மரக்கட்டைக்கே பத்து வயதிருக்கும்; பள்ளம் தீக்கு வெகு முந்தியது. அவன் மனைவி மார்செலாவின் கார் இதன் விளிம்பில்தான் எரிந்து கிடந்தது. தீயன்று அம்மா வீட்டு நாயைக் கூட்டிவர மலையேறியவள்.

மாமியார் ஒதீலியா, எரிந்த வீட்டின் அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்த தகர டிரெய்லரில் இருந்தாள்.

"என்ன மாப்ளே, படத்துல ரோட்டப் போட்டாச்சா?"

"இல்ல அத்தே. எடுத்துடப் போறேன்."

"பழைய படத்துல இருந்துச்சே. அதுவும் நீ போட்டதுதான?"

"வானத்துலேர்ந்து எடுத்த போட்டோவ வச்சுப் போட்டேன். நடுவுல பைன் மரம் மறைச்சிருந்துச்சு. நடந்து பாக்கல."

"இப்பவும் பாக்காதவன் மாதிரி இருந்துட்டுப் போயேன். ஒரு கோடுதான? நான் என் வீட்டுல சாகணும். இந்த டப்பாக்குள்ள இல்ல."

"முடியாது அத்தே."

"உனக்கென்ன, டவுன்ல கூரை இருக்கு." கோப்பையில் காபி ஊற்றிக்கொண்டாள். "அவ பதறிப்போய் வழி தப்பிட்டா. அதுக்கு ரோடு என்ன பண்ணும்?"

ஊரே அப்படித்தான் நம்பியது. அவனும் ஒரு வருடமாக மறுக்கவில்லை.

"பதறல. எனக்குப் போன் பண்ணினா. தார் ரோட்ட நெருப்பு அடைச்சிருச்சுன்னா."

ஒதீலியா கோப்பையைக் கீழே வைத்தாள். "லைனே கெடைக்கலன்னு சொன்ன."

"கெடைச்சுது."

"என்ன சொன்னா?"

அவன் மலையைப் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை. மார்செலா சொன்னதை அப்படியே சொன்னான்.

"நீ போட்ட மேப்பு கையில இருக்கு. ஓடைப் பக்க ரோட்டுல எறங்கி வந்துடறேன், நீ கீழ நில்லு."