ஏழாவது பெயர்

லண்டன் கிரிக்கிள்வுட்டில் ஐரிஷ் சங்க மண்டபம் ஐரிஷ் திருநாளுக்காக முழுக்கப் பச்சையாய்க் கிடந்தது. பச்சைத் தோரணம், பச்சைத் தொப்பி, பச்சைச் சாயம் ஊற்றிய பீர். நடு மேசையில் பெரிய கேக். அதன்மேல் விரற்கடைக் கனத்துக்குப் பச்சை கிரீம். பார்ட்லி கனீலிக்குப் பார்க்கப் பார்க்கக் குமட்டியது. லண்டன் மண்ணை நாற்பது வருஷம் தோண்டியவன் அவன். சாக்கடையில் இடுப்பளவு நின்றிருக்கிறான். அதுகூட இப்படிக் குமட்டியதில்லை.

மேடையோரம் துணி போர்த்திய கருங்கல். வேலையில் செத்த பதினோரு ஐரிஷ் கூலிகளின் பெயர் அதில். வயதான காலத்தில் எழுத்துப் படித்தவன் என்று பெயர்களை வாசிக்க அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். பார்க்க நன்றாயிருக்குமாம். முன்வரிசையில் நோரா மல்கெரின் உட்கார்ந்திருந்தாள். தம்பி பெஸ்டியின் பெயரைத் தொட்டுப் பார்க்க, அயர்லாந்தின் மேற்கோரக் கானமாராவிலிருந்து கப்பலும் ரயிலுமாய் வந்தவள். 'வாங்க, கல்லில் இருக்கும்' என்று எழுதிப் போட்டதே பார்ட்லிதான். அவன் எழுதிய முதல் கடிதம் அது.

சங்கச் செயலாளர் ஊனா டெலஹன்டி பட்டியலைக் கொடுத்தாள். விரல் வைத்து வாசித்துக்கொண்டே வந்தான். ஏழாவதில் விரல் நின்றது.

"ஏம்மா, இது யாரு, ஷான் ஓ முர்ஹூ?"

"ஜான் மர்ஃபிதான். நம்ம ஐரிஷ் மொழியில மாத்திட்டோம். எழுத்து எவ்ளோ அழகா வந்திருக்கு பாருங்க!"

"உனக்கு அந்த மொழி தெரியுமா?"

"கத்துக்கணும்னு ரொம்ப நாளா ஆசை."

"அப்படி ஒரு ஆளே கிடையாதும்மா."

வரிக்காரன் கண்ணில் படாமலிருக்க எல்லோரும் பொய்ப்பெயரில்தான் வேலைக்கு ஏறுவார்கள். மண் சரிந்த அன்றைக்கு ஒரே பள்ளத்தில் மூன்று ஜான் மர்ஃபிகள். ஒருவன் பார்ட்லி. அதில் செத்த மர்ஃபிதான் பெஸ்டி. ஐரிஷ் மொழி தவிர வேறெதுவும் வாயில் வராதவன். அவனுடைய பொய்ப்பெயருக்குப் போய் அவன் மொழியிலேயே சிங்காரம் பண்ணியிருக்கிறார்கள்.

பின்னாலிருந்து ஒரு கனத்த கை தோளில் விழுந்தது. மார்ட்டின் கார்வி. அன்றைக்கு மேஸ்திரி, இன்றைக்குச் சங்கத்தின் புரவலர். கல்லே அவர் உபயம். 'மண்ணுக்கு முட்டுப்பலகை எதுக்கு, நேரமாகும், இறங்கு' என்று சொன்ன வாய் அது. அதன் ஓரத்தில் இப்போது பச்சை கிரீம், மறு கையில் கேக் தட்டு.

"விடுய்யா பார்ட்லி. எல்லாம் நம்ம பயலுகதானே. எந்தப் பேரா இருந்தா என்ன?"

"செத்தவனுக்கு ஒரு பேருதான் மேஸ்திரி."

"அடேங்கப்பா! நாலு எழுத்துப் படிச்சதும் புலவர் ஆயிட்டாரு. அன்னிக்குப் போலீஸ் கேட்டப்ப எங்கய்யா போச்சு இந்த வாய்?"

அது உண்மைதான். நிஜப்பெயரைச் சொன்னால் எல்லோரும் மாட்டுவோம் என்று அன்றைக்குச் சொன்னார் கார்வி. பார்ட்லி வாயை மூடிக்கொண்டான். அந்த வாயை நினைத்தாலும் இப்போது அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

மேடையேறினான். ஆறு பெயர்களை எழுத்துக் கூட்டி வாசித்தான். ஏழாவதாக, பட்டியலைப் பார்க்காமல், "பெஸ்டி மல்கெரின்" என்றான். மிச்சத்தையும் வாசித்து முடித்தான். கைதட்டினார்கள். துணி விலகியது.

நோரா எழுந்து வந்து மேலிருந்து கீழாக விரலை ஓட்டினாள். மறுபடியும் மேலிருந்து.

"பார்ட்லி, எந்தம்பியக் காணோமே."

பார்ட்லி சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து ஏழாவது பெயரின் பக்கத்தில் வைத்தான். பளபளவென்று இழைத்த கல், பென்சில் வழுக்கியது. இன்னும் அழுத்தினான். முனை ஒடிந்தது.

சுற்றிலும் பார்த்தான். நேரே போய்க் கேக்கில் விரலை விட்டு, கிரீமோடு கல்லுக்குத் திரும்பினான்.

"ஐயோ பெரியவரே, கல்லு!" என்று ஊனா அலறினாள்.

"யாராவது அந்தாளைப் பிடிங்கப்பா!" என்றார் கார்வி. பின்வரிசையில் இருந்ததெல்லாம் பழைய பள்ளத்துக்காரர்கள். ஒருவரும் நாற்காலியை விட்டு அசையவில்லை.

விரலில் பிசுபிசுத்த பச்சை கிரீமால், ஆங்கில எழுத்தில், எழுத்துக்கு எழுத்து நின்று, கோணல்மாணலாக எழுதினான். பெஸ்டி முடிந்தது. மல்கெரினில் பாதிக்கு மேல் வந்ததும், எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நோரா அவன் முழங்கையைப் பிடித்தாள்.

"இன்னொரு ஆர் போடு. எங்க பேர்ல ரெண்டு ஆர்."

விரலில் கிரீம் தீர்ந்திருந்தது. பார்ட்லி திரும்பி, கார்வியின் கையிலிருந்த தட்டில் விரலை விட்டு எடுத்தான்.