ஷ்டுக்கியின் துப்பாக்கியில் முளைத்த எழுத்து

எம்மென்டால் பள்ளத்தாக்கில், ஹெடி சொம்மர் கைவைத்தால் பழைய ராணுவத் துப்பாக்கிகளிலிருந்து போலி முத்திரைகள் உதிர்ந்துவிடும். அறுபத்தெட்டாம் ஆண்டிலிருந்தே இப்படித்தான். தொழிற்சாலை பொறித்த எண்ணும், சின்னஞ்சிறு சிலுவையும், பரிசோதகரின் எழுத்தும் இரும்பில் அப்படியே நிற்கும். விலை ஏற்றுவதற்காகப் பின்னாளில் எவனோ குத்தியவை மீன் செதில் போல மேசைமேல் விழும். அவற்றைக் கூட்டி முற்றத்தில் கொட்டுவாள். கோழிகள் ஒருமுறை கொத்திப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். பெர்னிலிருந்து வந்த ஒரு பல் மருத்துவரின் துப்பாக்கியிலிருந்து பதினோரு முத்திரைகள் உதிர்ந்து, எண் மட்டும் மிஞ்சியது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மிஞ்சியதையாவது இனி நம்பலாம் என்று சொல்லி ஒரு பெட்டி சாக்லேட் அனுப்பினார்.

கை மட்டுமல்ல, அவள் காதும் மூக்கும் கூர்மை. பாலாடைக்கட்டி ஆலையில் இருபது ஆண்டுகள் கட்டிகளைத் தட்டித் தட்டி உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று சொன்னவள். துப்பாக்கியின் கட்டை வால்நட் மரமா பீச் மரமா என்பதை மணத்தில் அறிவாள். அடிக்கட்டையின் இரும்புத் தகட்டைக் கழற்றினால் உள்ளே சிப்பாய் தன் பெயரெழுதிச் செருகிய காகிதத் துண்டு இருக்குமே, அதைக் கிழியாமல் எடுக்க அவளைப்போல் ஒருவர் அந்தப் பக்கத்தில் இல்லை.

சேவை முடித்த சிப்பாய் துப்பாக்கியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். ஆனால் ராணுவக் கிடங்கில் அதன்மேல் ‘P’ என்று ஓர் எழுத்தைக் குத்தித் தர வேண்டும். அது இருந்தால் அவன் சொத்து. இல்லையென்றால் ராணுவத்தின் சொத்து. மர அறுவை ஆலையில் வேலை பார்த்த ருவெடி ஷ்டுக்கியின் துப்பாக்கியில் அந்த எழுத்து இல்லை. எழுபத்தெட்டில் வரிசையில் தன் முறை வந்தபோது முத்திரை உளி உடைந்துவிட்டது என்றும், அடுத்த வாரம் வரச் சொன்னார்கள் என்றும், போனால் கிடங்கையே மூடிவிட்டிருந்தார்கள் என்றும் அவர் ஒரே ஒருமுறை சொன்னார். யாரும் நம்பவில்லை. ஊரின் துப்பாக்கி சுடும் கழகத்தின் தலைவர் ஓட்டோ சொம்மர், அதாவது ஹெடியின் கணவர், திருட்டுத் துப்பாக்கிக்கு இங்கே இடமில்லை என்று அறிவித்தார். அதன்பின் இருபத்தோரு ஆண்டுகள் ஞாயிறுதோறும் ருவெடி சுடுகளத்தின் வேலிக்கு வெளியே நின்றார். சத்தத்தை மட்டும் கேட்டு, குண்டு பலகையில் எந்த இடத்தில் பட்டது என்று மெல்லச் சொல்வார். ஒருநாளும் தவறியதில்லை. அவரைத் திருடன் என்று சொன்னவர்களே இடைவேளையில் வேலியோரம் வந்து தங்கள் கணக்கைக் கேட்டுப்போவார்கள்.

தொண்ணூற்றொன்பது அக்டோபரில், சிங்கம் விடுதியின் கூடத்தில் பழைய துப்பாக்கி சேகரிப்பாளர்கள் கூடியிருந்தபோது, ருவெடியின் மனைவி கிளாரா அவருக்குத் தெரியாமல் அந்தத் துப்பாக்கியைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்து ஹெடியின் முன்னால் வைத்தாள்.

“இதுல உதிர்றதுக்கு ஒண்ணுமில்ல, ஹெடி. ஆனாலும் ஒரு தடவ தொட்டுப் பாரு. திருடன் பொண்டாட்டின்னு பேரெடுத்துட்டுச் சாக எனக்கு மனசில்ல.”

ஹெடி தகட்டைக் கழற்றினாள். காகிதத்தில் ருவெடியின் முழுப்பெயர், ருடோல்ஃப் ஷ்டுக்கி என்று பென்சிலில் இருந்தது. துப்பாக்கி அவருக்குத் தரப்பட்டது என்பதற்கு அது சாட்சி. அவரிடமே விடப்பட்டது என்பதற்கல்ல. பிறகு இரும்பின்மேல் உள்ளங்கையை வைத்தாள். எதுவும் விழவில்லை. கையை எடுத்தபோது, எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ‘P’ முளைத்திருந்தது. கொஞ்சம் சாய்ந்த எழுத்து. அதன் காலில் மயிரிழை அளவுக்கு ஒரு கீறல்.

அந்தக் கீறல் ஹெடிக்குத் தெரியும். ஓட்டோவின் துப்பாக்கியை இத்தனை ஆண்டுகளாக எண்ணெய் போட்டுத் துடைத்தவள் அவள்தான். கூடத்தில் இருந்த அவரை வீட்டுக்கு அனுப்பி அதை எடுத்துவரச் சொல்லி இரண்டையும் அருகருகே வைத்தாள். ஒரே சாய்வு, ஒரே கீறல்.

“உன்னோடதக் குத்தும்போதுதான் உளி உடைஞ்சிருக்கு. நீ பாத்தியா, ஓட்டோ?”

ஓட்டோ காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

“பாத்தேன். எனக்குப் பின்னால அவன்தான் நின்னான். அவன் களத்துல இருந்தா ஒரு வருஷமாவது போட்டியில ஜெயிச்சவன் மாலை எனக்குக் கிடைச்சிருக்குமா?”

பிறகு தன் துப்பாக்கியிலும் கைவைக்கும்படி மனைவியைக் கேட்டார். அவள் வைத்தாள். ஒன்றும் உதிரவில்லை.

“உதிர்ந்திருந்தா நிம்மதியா இருந்திருக்கும்” என்றார்.

“அது நெஜ முத்திரை. அது என்ன பண்ணும், பாவம்.”

நான்கு நாள் ஹெடி அவரிடம் பேசவில்லை. ஐந்தாம் நாள் அவர் தலைவர் பதவியை விட்டுவிட்டு, மழையில் நடந்தே ருவெடியின் வீட்டுக்குப் போய், பார்த்ததையும் மறைத்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னார். திரும்பி வந்தபோது அவர் தட்டில் ஹெடி உருளைக்கிழங்கு வறுவல் போட்டு வைத்திருந்தாள். ருவெடி மன்னித்தாரா என்று கேட்டாள். மன்னிப்பைப் பற்றிப் பேச்சே வரவில்லையாம். ருவெடி சொன்னது இவ்வளவுதான்: “நான் வெளிய நின்னு பாத்துட்டேன். நீயும் ஒரு ஞாயித்துக்கிழமை நின்னு பாரு.”

ஓட்டோ நின்றார். அவருக்கு வெறும் வெடிச்சத்தம்தான் கேட்டது. உள்ளே எழுபத்தோரு வயது ருவெடி, பார்வை மங்கிவிட்டதால் கண்ணை மூடிக்கொண்டு, பத்துக் குண்டு சுட்டார். ஒன்பது நடுவில் பட்டன. பத்தாவது எங்கே போனது என்று அவருக்கே கேட்கவில்லை. கழகத்தின் செயலாளர் அதை அப்படியே பதிவேட்டில் எழுதிக்கொண்டார்.

முளைத்த அந்த எழுத்து அதன்பின் ஆறவேயில்லை. அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய ரொட்டியின் சூடு அதில் எப்போதும் இருந்தது. டிசம்பரில் பனி இறங்கியபோது, கிளாரா துப்பாக்கியைச் சாப்பாட்டு அறைச் சுவரில் படுக்கைவாட்டில் மாட்டி, அதன்மேல் கணவரின் ஈரக் காலுறைகளை உலர்த்தத் தொடங்கினாள். ஒரு ஜோடிக்கு அரைமணி நேரம் ஆகும்.