இடப்பக்கம் மட்டும் வெளுத்த கார்

வாடகைக்குக் கார் பேச மாதுங்காவிலிருந்து வந்திருந்த ஒரு மாப்பிள்ளையின் மாமா காரை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு எதிர்ப்பக்கமாக இன்னொரு முறை சுற்றினார்.

"என்ன ஓய், வலது பக்கம் சிவப்பு, இடது பக்கம் ரோஸ். ஜானவாசத்துல பாதி ஜனம் ஒரு காரைப் பார்க்கும், மீதி ஜனம் வேற காரைப் பார்க்கும்!"

அப்பா சிரிக்கவில்லை. தாராவியில் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு பழைய திறந்த கார். கல்யாணத்துக்கு முந்தின மாலை மாப்பிள்ளையை ஏற்றி ஊர்வலம் விடுவதுதான் அதன் வேலை. அதை ஓட்டும் இசக்கிமுத்து அண்ணன் அதற்குச் செவத்தக்குட்டி என்று பெயர் வைத்திருந்தார்.

"சனிக்கிழமைக்குள்ள ஒரே நிறமா இருந்தா சரி. இல்லேன்னா நாங்க வேற வண்டி பார்த்துக்கறோம்" என்று மாமா கிளம்பிவிட்டார். அன்று புதன்கிழமை.

"வார ஆளெல்லாம் இப்படித்தான் சொல்லுதாவ" என்றார் அப்பா. "இதுவும் தவறிட்டுன்னா, கறுப்பும் மஞ்சளும் அடிச்சு டாக்ஸிக்கு விட்டிர வேண்டியதுதான்."

இசக்கி அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. "அண்ணாச்சி, மாப்பிள்ளைமாரு ஏறுன வண்டி. அதைக் கொண்டுபோயி ஸ்டேஷன் வாசல்ல நிறுத்தச் சொல்லுதியளா?"

நான் பி.எஸ்ஸி. வேதியியல் முடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் யாரும் அதில் ஒரு கேள்வி கேட்டதில்லை. மெல்லப் போய் இடக் கதவில் விரலை வைத்துத் தேய்த்தேன். சாக்கட்டிப் பொடி போல இளஞ்சிவப்புத் தூள் ஒட்டியது. பின்பக்கம் ஸ்டெப்னி உறையைத் தூக்கிப் பார்த்தேன். வெயில் படாத அந்த இடம் குங்குமமாக இருந்தது.

"அண்ணே, வண்டிய எதைப் போட்டுக் கழுவுதிய?"

"வெள்ளிக்கிழமை தவறாம சீயக்காய்தான். பொம்பளப்பிள்ளைல்லா!"

"எப்படி நிறுத்துவிய?"

"தெருமுனைப் பிள்ளையாரப் பாத்துதான். ஒரு நாளும் அவருக்கு முதுகு காட்டுனதில்ல."

பிள்ளையார் வடக்கே இருந்தார். வண்டியின் வலப்பக்கம் பக்கத்துப் பட்டறையின் சுவர். இடப்பக்கம் முழுக்க மேற்கு வெயில்.

"செவப்புச் சாயம் வெயில்ல இருக்க நீலத்தையும், கண்ணுக்குத் தெரியாத கதிரையும் உள்ள வாங்கிக்கிடும். அந்தக் கதிர் சாயத்தையே உடைக்கும். மேல மெழுகு இருந்தா கொஞ்சம் தாங்கும். அதை வாராவாரம் சீயக்காய் எடுத்திட்டு."

"அப்போ எம் பக்தியும் குத்தம், சீயக்காயும் குத்தமா தாயி?"

"பக்தி குத்தமில்ல அண்ணே. திசைதான்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏட்டி வடிவு, உனக்கு இம்புட்டுப் பேச வருமா?"

வெளுத்தது மேல்தோல்தான், அடியில் சிவப்பு இருக்க வேண்டும் என்றேன். "இல்லேன்னா?" என்றார் அப்பா. அழுத்தித் தேய்த்தால் சிவப்பும் போய், அதற்குக் கீழே இருக்கும் அடிப்பூச்சு வெளியே வந்துவிடும். முதலில் தேய்த்துப் பார்க்க உள்ளங்கை அளவு இடம் மட்டும் கேட்டேன்.

பக்கத்துப் பட்டறையில் பாலிஷ் போடும் காம்பவுண்டுப் பசை கொஞ்சம் கிடைத்தது. ஈரத்துணியில் தொட்டு, வட்டமாக, பூப்போலத் தேய்த்தேன். துணி ரோஸாகிக்கொண்டே வந்தது. துடைத்தேன்.

இசக்கி அண்ணன் குனிந்தார். "ஏ, எம் மீசை தெரியுது!" என்று கத்தி, அங்கேயே மீசையை முறுக்கிக்கொண்டார்.

வியாழனும் வெள்ளியும் நான், அம்மா, இசக்கி அண்ணன் மூவரும் தேய்த்தோம். அப்பா மேற்பார்வை பார்த்தார். பிறகு அவரும் சட்டையைக் கழற்றினார். கடைசியாக வண்டி முழுவதும் மெழுகு பூசினோம்.

சனிக்கிழமை மாலை மாதுங்காவில் நாதஸ்வரம் தொடங்கியது. மாமா மறுபடி இரண்டு பக்கமாகவும் சுற்றினார். "ஓய் வானமாமலை, வேற கார் கொண்டு வந்துட்டேளா?" என்று அப்பாவிடம் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். கூட்டத்தில் இன்னும் இரண்டு பேர் அப்பாவிடம் தங்கள் வீட்டு முகூர்த்த நாளைச் சொல்லி வண்டி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா என் பக்கம் கையைக் காட்டினார். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

வண்டியின் முகம் ஒரு நாள் வடக்கு, மறுநாள் தெற்கு, மதியத்துக்கு மேல் துணிப் போர்வை, சீயக்காய் கிடையாது. இனி ஒரு பக்கம் மட்டும் வெளுக்காமலிருக்க இதுதான் நான் சொன்ன ஏற்பாடு. திங்கட்கிழமை காலை வண்டி பிள்ளையாருக்கு முதுகைக் காட்டி நின்றது. இசக்கி அண்ணன் உள்ளே உட்கார்ந்து, பின்னால் பார்க்கும் கண்ணாடியை இம்மி இம்மியாகத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"வந்திட்டாரு தாயி" என்றார். "தும்பிக்கையோட நேரா தெரியுதாரு."