ஜன்னலுக்கும் மேசைக்கும் நடுவே

அத்தை இன்னொரு முறை கேட்டாள். "கூப்பிடவே இல்லையாடி? ஒரு சத்தம்கூட வரலையா?"

அப்பாவின் பாதத்தை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்த மகள் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினாள். விரலிடுக்கில் கண்ணாடித் தூள் மின்னியது. ஆயுசெல்லாம் கண்ணாடி வெட்டியவருக்கு அது எத்தனை குளித்தாலும் போகாது.

வீட்டின் முன்பக்கம்தான் கடை. வெட்டும் மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு அவரைக் கிடத்தியிருந்தார்கள்.

அப்பா எந்த அளவையும் எழுதிவைக்க மாட்டார். டேப்பைப் பிடித்துப் பார்ப்பார், எண்ணை முணுமுணுத்துக்கொண்டே மேசைக்கு வருவார், வெட்டுவார். நடுவில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. வீடு பற்றி எரிந்தாலும் மனுஷன் மேசைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் சொல்லணும் என்று அம்மா கேலி செய்வாள்.

போன வருடம் மூளையில் ஓர் அடைப்பு வந்தது. கை கால் தப்பின. எண் மட்டும் வழியிலேயே தொலைந்துபோனது.

"மூளையோட பின்பக்கம் பார்த்ததை முன்பக்கம் பிடிச்சு வெச்சுக்கணும்மா" என்றார் டாக்டர். "அதுக்கு ரெண்டும் விடாம பேசிக்கிட்டே இருக்கணும். இவருக்கு அந்தப் பேச்சு நடுவுல அறுந்துபோகுது. பழசெல்லாம் பத்திரமா இருக்கு. இப்ப கையில இருக்கிறதுதான் நழுவுது."

"அப்ப நான் பேசறேன்" என்றாள் மகள்.

அதன்பின் அவர் எண்ணைச் சொல்வார், அவள் திருப்பிச் சொல்வாள், அவர் மறுபடி சொல்வார். இப்படியே மேசைவரை நடப்பார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். கண்ணாடி என்னவோ சட்டத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது.

இன்று காலை சொந்தச் சமையலறை ஜன்னல். அளந்துவிட்டு, "முப்பத்தேழே கால்" என்றார். அவள் வாயெடுப்பதற்குள் கையைக் காட்டினார். "நீ சொல்லாத. இன்னிக்கு நானே கொண்டுபோறேன்."

பாதி வழியில் நின்றார். உதடு அசைந்தது. பிடித்துவிடுவார், பிடித்துவிடுவார் என்று அவள் காத்து நின்றாள். பின்னால் வந்த அம்மா, "என்னங்க, என்ன..." என்று ஆரம்பித்தாள். மகள் சட்டென்று திரும்பி உதட்டில் விரலை வைத்தாள். அம்மா அப்படியே அடங்கிவிட்டாள்.

உதட்டின் ஒரு பக்கம் மட்டும்தான் அசைகிறது என்பதை மகள் அப்போது பார்த்தாள். பார்த்தும் விரலை எடுக்கவில்லை. அவர் சரிந்த பிறகுதான் எடுத்தாள்.

"விழறதுக்கு முன்னாடி ஏதாவது தெரிஞ்சுதா?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். இல்லை என்றாள். அப்பாவை அங்கே நிற்கவிட்டது நான்தான் என்று சொல்லவில்லை. அம்மாவும் அந்த உதட்டைப் பார்த்தாளா? அவள் வாயிலிருந்து அது மட்டும் வந்துவிடக் கூடாது.

துணியைப் பிழிந்துகொண்டு மறு காலுக்கு வந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா, காலையிலிருந்து பேசாதவள், மெல்லக் கேட்டாள்.

"அளவுதானே சொல்லிக்கிட்டிருந்தாரு?"

மகளின் கை நின்றது. அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா. அளவுதான்."

"என்ன அளவு?"

"முப்பத்தேழே கால்."

"முப்பத்தேழே கால்" என்றாள் அம்மா. மகள் திருப்பிச் சொன்னாள். அம்மா மறுபடி சொன்னாள்.

உள்ளே சமையலறை ஜன்னலில் செருகியிருந்த அட்டை காற்றில் படபடத்தது. வாசலிலிருந்து அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு அவசரமாக வந்தான்.

"அம்மா, வண்டி வந்துடுச்சு. எடுக்கலாமான்னு..."

அம்மா அவனைப் பார்க்காமலே உதட்டில் விரலை வைத்தாள்.