பதினொரு ஊசிகள்

"அதெல்லாம் சரிம்மா. ஆனா மறுநாள் காலையில எட்டரைக்கு நீங்க வேலைக்குப் போயிருக்கீங்களே?"

"போனேன் சார்."

"வருகைப் பதிவேட்டுல இருக்கிற கையெழுத்து உங்களதுதானே?"

"என்னோடதுதான்."

"அப்புறம் என்ன?" என்று கண்ணாடிக்காரர் கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கோபமாகக் கேட்கவில்லை, பேருந்தில் சில்லறை இருக்கிறதா என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு அவளும் கோபப்பட்டிருப்பாள்.

அவள் சட்டைத் தொழிற்சாலை ஒன்றில் மூன்றாம் வரிசைத் தையல்காரி. காலர் வைப்பது அவள் வேலை. ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு சாயங்காலம், வேலையாட்களை வீட்டில் இறக்கிவிடும் வேனின் ஓட்டுநர், கடைசியாக மிஞ்சிய அவளை வேறு பாதையில் கொண்டுபோனான். இப்போது அவன் சிறையில் இருக்கிறான். நீதிமன்றம் அவள் சொன்னதை நம்பியது. நம்பாமல் இழுத்தடித்தது இந்த நிவாரண அலுவலகம்தான். குற்றம் நடந்தது உண்மை, சரி, பாதிப்பு எவ்வளவு? அதற்கொரு படிவம், படிவத்தில் மூன்று படிகள், கடுமையான பாதிப்பு முதல் படி. அவளை மூன்றிலும் சேர்க்காமல் உத்தரவு அனுப்பியிருந்தார்கள். 'மறுநாள் வழக்கம்போல் பணிக்குச் சென்றுள்ளார். குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை.'

அந்த இரண்டு வரியும் அவளுக்கு மனப்பாடம். பணம் வராததைக்கூட விட்டுவிடலாம். ஒன்றுமே நடக்காதவள் என்று அரசாங்க முத்திரையோடு எழுதி வைத்திருக்கிறார்களே! இன்று மேல்முறையீடு. இதற்கு மேல் போய் நிற்க வேறு கதவு கிடையாது.

நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் தலைவி, வலப்பக்கம் ஒரு டாக்டர், இடப்பக்கம் பழைய உத்தரவை எழுதிய கண்ணாடிக்காரர். இந்தப் பக்கம் அவளும், அவளுடைய அண்ணியும்.

"அன்னைக்கு ஏன்மா போனீங்க?" என்று தலைவி கேட்டார்.

ஏன் போனாள்? வீட்டில் உட்கார்ந்தால் அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும். கால்கள் தாமாக நடந்தன. அந்த நாற்காலி அவளுக்குப் பழக்கம், இயந்திரத்தின் சத்தத்தில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இதையெல்லாம் எந்தப் படியில் எழுதுவார்கள்?

"தெரியலைங்க" என்றாள்.

அண்ணி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "மேடம், எங்க சாட்சி வந்துக்கிட்டே இருக்காங்க."

"அரை மணியா வந்துக்கிட்டே இருக்காங்க" என்றார் கண்ணாடிக்காரர்.

அவர் வாயை மூடவில்லை, கதவு திறந்தது. தொழிற்சாலை ஸ்டோர் அக்கா மூச்சு வாங்க உள்ளே வந்தாள். அவள் கக்கத்தில் துணியில் சுற்றிய தடிமனான நோட்டு.

"மன்னிச்சிடுங்க, பஸ் கிடைக்கல. மேனேஜர்கிட்ட மல்லுக்கட்டி இதை வாங்குறதுக்குள்ள உயிரே போயிடுச்சு. நாலு மணிக்குள்ள திரும்பி வைக்கணும். அதுவரைக்கும் அங்க ஊசி உடைஞ்சா மாத்திக் கொடுக்க ஆளில்ல. எல்லாரையும் பூப்போல தைங்கடின்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"என்ன நோட்டு இது?" என்றார் தலைவி.

"உடைஞ்ச ஊசி நோட்டுங்க."

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஸ்டோர் அக்கா துணியைப் பிரித்தாள்.

"எங்க வேலையில ஒரு கட்டுப்பாடு. தைக்கும்போது ஊசி உடைஞ்சா அப்படியே விட முடியாது. துண்டு சட்டைக்குள்ள போய், போடுறவங்களைக் குத்திடுச்சுன்னா? அதனால எல்லாத் துண்டையும் பொறுக்கி எங்கிட்ட கொண்டு வரணும். நான் அதை இங்க டேப் போட்டு ஒட்டி, நேரம், வரிசை, பேரு எழுதி, கையெழுத்து வாங்கிட்டுத்தான் புது ஊசி கொடுப்பேன். இந்தப் பொண்ணு ஒன்பது வருஷமா தைக்குது. அந்த ஒரு நாளை விட்டா, ஒன்பது வருஷத்துல நாலு ஊசி உடைச்சிருக்கு. பழைய நோட்டெல்லாம் புரட்டிப் பாத்துட்டுத்தான் சொல்றேன். இப்ப இந்தத் தேதியைப் பாருங்க."

நோட்டை மேசையில் விரித்தாள். பக்கம் முழுக்க வெள்ளை டேப்புக்கு அடியில் ஊசித் துண்டுகள். எட்டு நாற்பத்தேழு. ஒன்பது பத்து. ஒன்பது இருபத்தைந்து. ஒவ்வொன்றுக்கும் எதிரில் அவள் பெயர். போகப் போகக் கையெழுத்து கோணி, கடைசியில் வெறும் கோடாகியிருந்தது.

"பதினொன்னு" என்றாள் ஸ்டோர் அக்கா. "ஒரே நாள்ல."

தலைவி டேப்பின் மேல் விரலை வைத்து மெதுவாகத் தடவினார். டாக்டர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். கண்ணாடிக்காரர் மட்டும், "ஊசி சரியில்லாம இருந்திருக்கலாமே?" என்றார்.

"அதே பெட்டியில இருந்துதான் அன்னைக்கு நாப்பது பேருக்குக் கொடுத்தேன் சார். மத்தவங்க கணக்கும் அடுத்த பக்கத்துல இருக்கு. மொத்தம் ரெண்டு." அவள் குரல் சட்டென்று இறங்கியது. "ஏழாவது ஊசிக்கு வந்து நின்னப்போ நான் கேட்டேன், 'ஏன்டி, ஊசியைக் கடிச்சுத் திங்கிறியா?'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. இது மட்டும் சிரிக்கல. எனக்கு விஷயம் தெரிஞ்சது ரெண்டு மாசம் கழிச்சுத்தான். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதுல இருக்கு. அதான் வந்தேன்."

தையல்காரி தலை குனிந்து தன் கைகளைப் பார்த்தாள். அன்று இடது ஆள்காட்டி விரலில் இரண்டு முறை ஊசி ஏறியது. வலித்ததாக நினைவில்லை.

மூவரும் உள் அறைக்குப் போனார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்ததும் தலைவி தாளைப் பார்க்காமல் அவளைப் பார்த்தே சொன்னார். பழைய உத்தரவு ரத்து. பாதிப்பு கடுமையானது என்று குழு ஏற்கிறது. முதல் படி. வருகைப் பதிவேடு ஒருவர் வந்ததைத்தான் காட்டும், எப்படி வந்தார் என்பதைக் காட்டாது.

அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அண்ணி தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் மூச்சு வெளியே வந்தது. ஒன்றரை வருடமாக அந்த மூச்சைப் பிடித்து வைத்திருந்தாளோ என்னவோ, அவ்வளவு நீளமாக வந்தது.

உத்தரவு தட்டச்சாகி வரும்வரை தாழ்வாரத்துப் பெஞ்சில் மூவரும் டீ குடித்தார்கள். வாயில் வைக்க முடியாத டீ. அவளுக்கு அது இனித்தது.

"இதுக்குப் பேரு டீயா? கை கழுவுன தண்ணி" என்றாள் அண்ணி. "வீட்டுக்கு வா பாப்பா, நான் போட்டுத் தரேன்."

"ஐயோ, உங்க டீக்கு இதுவே தேவலை அண்ணி."

அண்ணி கண்ணை விரித்துப் பார்த்தாள். பழைய வாய்! இந்த வாயைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. திட்ட வாயெடுத்தவள் சிரித்துவிட்டாள், சிரிப்போடு கண்ணீரும் வந்தது. ஸ்டோர் அக்கா அவளைத் தேற்றுகிறேன் என்று டீயைத் தன் சேலையிலேயே கொட்டிக்கொண்டாள். நோட்டை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். அதைப் பார்த்துத் தையல்காரிக்கு வயிறு வலிக்கும்வரை சிரிப்பு. எதிர்ப் பெஞ்சில் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

உள்ளே கூப்பிட்டார்கள். கண்ணாடிக்காரர் கோப்பைத் திருப்பி வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். முதல் தடவையாக, "உட்காருங்கம்மா" என்றார். புது உத்தரவு மேலே இருந்தது. அதன் அடியில், அதே கயிற்றில் கோத்து, பழையது. ஓரம் கொஞ்சம் வெளியே தெரிந்தது.

அவள் கையெழுத்துப் போட்டாள். நடுங்காத, முழுக் கையெழுத்து. பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல், மேல் தாளைத் தூக்கி அந்த இரண்டு வரியின் மேல் விரலை வைத்தாள்.

"சார், ரத்துன்னு சொல்லிட்டீங்க, ரொம்ப சந்தோஷம். ஆனா இதுவும் கூடவே இருக்கப்போகுதுல்ல? நாளைக்கு யாராவது கோப்பைப் பிரிச்சா இதையும் படிப்பாங்க. நீங்க எழுதுனதுதானே சார். இதுக்குப் பக்கத்துல, உங்க கையாலயே, 'அன்னைக்குப் பதினொரு ஊசி உடைஞ்சது'ன்னு ஒரு வரி எழுதிக் கொடுக்குறீங்களா?"

பேனாவை அவர் பக்கம் நீட்டினாள்.