பாலத்தடி மணல்

பாலம் இருந்த இடத்துக்கு வந்ததும் பெட்டியை இறக்கி வைத்தார்கள். வீரய்யா தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்தார். முந்தின நாள் மழையில் தண்ணீர் பால் தேத்தண்ணி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மயானம் அக்கரையில் இருந்தது.

"சுத்திப் போனா நாலு மைலு. மழ வேற கட்டிக்கிட்டு நிக்குது. தண்ணியிலயே எறங்கிருவோம்," என்றார்.

"பெட்டி நனைஞ்சிரும் மாமா," என்றாள் ஏஞ்சலா.

"நனையாம தூக்கத்தான நாங்க இருக்கோம்."

பெட்டிக்குள் இருந்தது அவளுடைய அப்பா செபமாலை. இந்தப் பாலம் விழக் காரணமானவர் என்று ஐந்து மாதமாகத் தோட்டத்து லயமே ஏசிய மனிதர். காரணம் அவர் இல்லை. ஏஞ்சலாதான். அது தெரிந்தவர்கள் மூன்று பேர், அதில் ஒருவர் இப்போது பெட்டிக்குள்.

போன வருஷம் தோட்டத்து வீட்டு லிஸ்டில் ஏஞ்சலா குடும்பத்துக்குப் புது வீடு கட்ட இடம் கிடைத்தது. லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவளுக்கு ஏழு பேர்ச் காணி ஒரு நாடு மாதிரி இருந்தது. சுவர் எழும்பியது, பூச்சுக்கு மணல் போதவில்லை. பாலத்துக்குச் சற்று மேலே ஆறு வளைந்து வேகம் அடங்கும். தண்ணீர் மலையிலிருந்து கொண்டு வந்ததையெல்லாம் அங்கே இறக்கிவிட்டுப் போகும். சல்லடையில் சலித்த மாதிரி மணல். ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்து ஆட்கள் டவுனுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, அவளும் புருசன் மிலானும் உரச்சாக்கில் அள்ளிச் சுமந்தார்கள். முதல் வாரம் நாலு சாக்கு. பிறகு கணக்கு வைக்கவில்லை. கடைசியில் பாலத்தின் காலடிவரை அள்ளிவிட்டார்கள்.

செபமாலை முப்பது வருஷம் தேயிலை மலையில் கான் வெட்டியவர். மழைத் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் வழி பண்ணி இறக்குவதுதான் அவர் வேலை. பூசின சுவரைத் தொட்டுப் பார்த்ததுமே கேட்டுவிட்டார்.

"இது ஆத்து மணலாச்சே. எங்க புள்ள அள்ளுன?"

அவள் சொன்னாள். அவர் அப்படியே குந்திவிட்டார்.

"அடிப் பாவி. மணல் கெடந்தவரைக்கும் தண்ணி அதுக்கு மேல போச்சு. இப்ப அடி வெறுமையா கெடக்கு. சும்மா போகுமா? கரையத் தின்னும். பாலத்துக் காலு கரையிலதான நிக்கிது."

"எல்லாரும் அள்ளுறதுதான் அப்பா," என்றாள் அவள். எல்லாரும் அள்ளவில்லை. அது அவளுக்கும் தெரியும்.

ஆடி மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. பள்ளத்தில் சுழன்ற தண்ணீர் கரையைக் குடைந்துகொண்டே போய், நாலாம் நாள் விடியும்போது பாலத்தின் ஒரு காலைப் பிடுங்கிவிட்டது. அரித்த மண் முழுவதும் கீழே, ஆறு அகலும் தட்டையில், வீரய்யாவின் லீக்ஸ் பாத்திமேல் முழங்கால் உயரத்துக்குப் படிந்து கிடந்தது. மறுநாளிலிருந்து ஸ்கூல் பிள்ளைகள் அரைமணி நேரம் முந்திப் புறப்பட்டார்கள். கொழுந்து மூட்டையோடு பெண்கள் தண்ணீரில் இறங்கினார்கள்.

பாலம் விழுந்த அன்றைக்குச் சாயங்காலமே தொழிற்சங்கத் தலைவர் எல்லாரையும் லயத்து வாசலுக்குக் கூப்பிட்டார். பள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் மழையின் வேலை இல்லை என்று விளங்கியிருந்தது. "மணல் அள்ளுனது யாரு? தோட்டத்துத் தொரைகிட்ட பேர் குடுக்கணும். வீட்டு லிஸ்ட்ல இருக்கவங்களா இருந்தா பேர வெட்டிருவாங்க, இப்பவே சொல்லிப்புட்டேன்," என்றார்.

புது வீட்டுக்குக் கூரைத் தகரம் இன்னும் வந்திருக்கவில்லை. ஏஞ்சலா வாயைத் திறக்கவில்லை. மிலானும் திறக்கவில்லை. செபமாலை ரெண்டு எட்டு முன்னால் வைத்தார்.

"நாந்தான் அள்ளுனேன். சும்மா இருக்க முடியாம, வித்து நாலு காசு பாக்கலாமுன்னு."

"கான் வெட்டுன ஆளு நீ. ஒனக்குத் தெரியாதாய்யா?" என்று வீரய்யா கத்தினார். "வயசு ஏற ஏற புத்தி எங்க போச்சு?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஏஞ்சலா தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கேயோ இருந்து ஒரு சின்னப் பிள்ளை "மணல் தாத்தா" என்று கத்தியது, நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

தகரம் வந்தது. அதற்குக் கீழே அப்பா ரெண்டு மாதம் படுத்தார். எல்லாரும் குளிக்கிற பீலியடியில் அவர் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும் என்பதால் விடியுமுன், ஆளில்லாத நேரத்தில் குளித்தார். நெஞ்சில் சளி கட்டி அவர் செத்ததற்கு அந்தக் குளிர்தான் காரணம் என்று ஏஞ்சலா நினைத்தாள். ஒருநாளும் அவர் அவளைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரோடு சண்டையாவது போட்டிருக்கலாம்.

இன்று விடியும்போது யாரும் வர மாட்டார்கள் என்றுதான் பயந்தாள். முதல் ஆளாக வந்தவர் வீரய்யா. குழி வெட்ட ஆள் அனுப்பியதும் அவர்தான்.

நாலு பேர் பெட்டியைத் தோளில் ஏற்றி இறங்கினார்கள். முன்பக்கம் வீரய்யாவும் மிலானும். ஏஞ்சலா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் நடந்தாள். தண்ணீர் இடுப்பளவு வந்தது, காது அடைக்கிற இரைச்சல். நடுவில் வீரய்யா சட்டென்று நெஞ்சுவரை இறங்கினார். பெட்டி சாய்ந்தது. மற்ற மூன்று பேரும் தாங்கிப் பிடிக்க, அவர் ரெண்டு கையாலும் பெட்டியைத் தலைக்கு மேல் உயர்த்தியபடி மூச்சு வாங்கினார்.

"செபமாலையண்ணே, ஒன் பள்ளத்துல நானே வந்து விழுறேன் பாரு!" என்று கத்தினார். அதில் கோபம் இல்லை. தூக்கியவர்கள் சிரித்தார்கள், ஜெபப் புத்தகத்தையும் கல்லறைச் சிலுவையையும் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு வந்த உபதேசியாரும் சிரித்துவிட்டார்.

ஏஞ்சலாவால் தாங்க முடியவில்லை.

"அப்பா இல்ல மாமா. நாந்தான். நாந்தான் அள்ளுனேன்."

கத்தித்தான் சொன்னாள். மிலானின் கழுத்து மட்டும் விறைத்தது. சொல்லியாகிவிட்டது என்று நினைத்தாள். மீதித் தூரம் அழுதுகொண்டே கடந்தாள், அழுகை சுகமாக இருந்தது.

அக்கரையில் பெட்டியை வைத்துவிட்டு வீரய்யா சாரத்தைப் பிழிந்தார்.

"நடுத்தண்ணியில என்னமோ சொன்னியே புள்ள. எரைச்சல்ல காதுல விழல. என்னா?"

இங்கே இரைச்சல் இல்லை. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். மிலான் குனிந்து கால்சட்டை ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தான்.

"பெட்டியப் பாத்துப் புடிங்கன்னு சொன்னேன் மாமா."

"அதான் புடிச்சிட்டோமே," என்றார் வீரய்யா. பெட்டி மேல் வழிந்த தண்ணீரைத் தன் துண்டால் துடைத்தார். "நல்ல மனுசன்தான். ஏதோ கெட்ட நேரம், அப்புடிப் பண்ணிப்புட்டாரு. எம்மனசுல ஒன்னும் இல்ல புள்ள. நா மன்னிச்சுட்டேன். நீ அழாத."

உபதேசியாரிடமிருந்து கல்லறைச் சிலுவையை வாங்கி அவளிடம் நீட்டினார்.

"ஒத்த மக நீ. முன்னுக்கு நட."

கறுப்புப் பலகையில் அப்பாவின் பெயரை வெள்ளைப் பெயின்டால் எழுதியிருந்தார்கள். இன்னும் சரியாகக் காயவில்லை. ஏஞ்சலா பெயரில் கை படாமல் சிலுவையைப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் மேட்டில் ஏறினாள்.