உருகிய பிறகும் முடியாத சீசன்

1

“சீசன் முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்னு சொல்லிட்டாரு அக்கா.”

“எப்ப முடியும்?”

“ஐஸ் உருகிப்போச்சாம். அதனால இப்போதைக்கு முடியாதாம்.”

யாங்கூனிலிருந்து ஆற்றைக் கடந்து டாலாவுக்குப் போகும் படகில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாந்தகுமாரி இதைச் சிரிக்காமல் சொன்னாள். இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. நான் குடும்பக் கதைகள் எழுதுகிறவள். ஐஸ் ஹாக்கி பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் மனைவியோடு பேசுவதைத் தள்ளிப்போட ஒரு கணவனுக்கு ஒரு விளையாட்டுச் சங்கமே துணை நின்றதை இதற்குமுன் கேள்விப்பட்டதில்லை.

அவள் பேச நினைத்தது இதுதான். மாவ்பி ஊரில் தனியாக இருக்கும் அவளுடைய அம்மா பவுனம்மாள் கிணற்றடியில் இரண்டு தடவை விழுந்துவிட்டார். டாலாவுக்கு அழைத்துவந்து கூடவே வைத்துக்கொள்ள வேண்டும். மகள் கூப்பிட்டால் அந்த அம்மாள் வரமாட்டார். “பொண்ணு குடுத்த வீட்ல நானாப் போய் உக்காருவேனா? மாப்பிள்ளை வந்து தன் வாயால கூப்பிடணும்” என்பார்.

மாப்பிள்ளை கோல்கீப்பர்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

“யாங்கூனின் வெள்ளி நிலவொளியில், பனித்தரையின் மேல் ஒரு”

அடித்துவிட்டேன். பனித்தரை இருப்பது ஒரு வணிக வளாகத்தின் நான்காவது மாடியில். அதற்குள் நிலவு எப்படி வரும்?

அடுத்தது: “தனசேகரன் பொறுப்பில்லாத கணவன்.” இதையும் அடித்தேன். அவன் பொறுப்பானவன். அதுதான் சிக்கல்.

க்யிம்யிண்டைங் மீன் சந்தைக்கு ஐஸ் அனுப்பும் ஊ பா ச்சோதான் அவனுடைய முதலாளி. நகரத்தில் தொழில்முறை* ஐஸ் ஹாக்கி லீக் தொடங்கியபோது அவரும் ஓர் அணியை வாங்கினார். ஆட்டக்காரர்களை வெளியே தேடவில்லை. தன் ஐஸ் ஃபாக்டரி ஆட்களில் வழுக்கி விழாதவர்களைப் பொறுக்கி, ‘வடதுருவக் கெளுத்திகள்’ என்று பெயர் வைத்தார். தனசேகரன் இருப்பதிலேயே அகலமானவன் என்பதால் கோல் வாசலில் நிறுத்தினார். அதுவரை ஐஸ் கட்டி தூக்கிய சேகர், அன்று முதல் பர்மியர்கள் மரியாதைக்குச் சேர்க்கும் ‘கோ’வோடு ‘கோ சேகர்’ ஆனான்.

(*தொழில்முறை என்றால் மதியச் சாப்பாடு அவர்கள் தருவார்கள். அதற்குமுன் வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள்.)

3

அரையிறுதி ஆட்டத்தின் நடுவில் மின்சாரம் போயிற்று. ஏன் போயிற்று என்றால்

(இந்த வாக்கியத்தை இங்கேயே விட்டுவிடுகிறேன். எனக்கும் குடும்பம் இருக்கிறது.)

ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. தரை உருகியது. அடித்து ஆடும் அந்த ரப்பர் வட்டு தண்ணீரில் முழுகிவிட, நடுவர் குனிந்து கையால் துழாவினார்.

லீக் கமிட்டி கூடியது. சீசன் முடிந்தது என்றால் கோப்பையை யாருக்காவது கொடுக்க வேண்டும். பாதியில் நின்றது என்றால் விளம்பரதாரர்கள் கோபிப்பார்கள். ஆகவே அறிவித்தார்கள்: “சீசன் நிறுத்தப்படவில்லை. தற்போது திரவ நிலையில் தொடர்கிறது.” ஆட்டக்காரர்கள் தினமும் வந்து அவரவர் இடத்தில் நிற்க வேண்டும். வராத அணி தோற்ற அணி.

இதை நான் கற்பனை செய்திருந்தால் மிகை என்று நானே வெட்டியிருப்பேன்.

நம்ப முடியாமல் தனசேகரனை நேரில் பார்க்கப் போனேன். முழுக் கவசத்தோடு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். எதிரணி முன்னணி வீரன் ஜமால் பக்கத்தில் பிளாஸ்டிக் முக்காலி போட்டுச் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.

“வீட்டுக்குப் போயேன் தம்பி.”

“நான் போயிட்டா இவன் கோல் போட்டுருவான் அக்கா.”

“ஐஸே இல்லையேப்பா.”

“இவனும் அதைத்தான் சொல்றான். ஆனா போகமாட்டேங்கறானே.”

“நீ போ, நான் போறேன்” என்றான் ஜமால், விதைத் தோலைத் துப்பிவிட்டு.

நான் சாந்தகுமாரியின் பேச்சை எடுத்தேன். தனசேகரன் குரலைத் தாழ்த்தினான்.

“அவ என்ன கேக்கப்போறான்னு தெரியும் அக்கா. கல்யாணத்தப்ப அத்தை என்ன சொன்னாங்க தெரியுமா? ‘ஐஸ் தூக்கறவனுக்கா எம்பொண்ணு’ன்னாங்க. இப்ப நான் போய்க் கூப்பிட்டு, வரமாட்டேன்னுட்டா? அவ கேக்காத வரைக்கும் நான் மாட்டேன்னு சொன்னதா ஆகாதுல்ல?”

என் கதைகளில் கணவர்கள் கெட்டவர்களாக இருப்பார்கள், கடைசியில் திருந்துவார்கள். கெடாதவனைத் திருத்துவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

4

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) கொட்டும் மழை. பவுனம்மாள் மறுபடி விழுகிறார். மருமகன் ஓடிவந்து தூக்குகிறான். பத்திரிகைக்குப் பிடிக்கும். ஆனால் என் முடிவுக்காக வயதானவரை மூன்றாவது தடவை விழவைக்க மனம் வரவில்லை.

(ஆ) மின்சாரம் வருகிறது. தரை உறைகிறது. கெளுத்திகள் கோப்பையை வெல்கிறார்கள். தனசேகரன் அதைத் தூக்கிக்கொண்டு மாவ்பிக்கு

டீசல் கிடைத்தால் தொடர்கிறேன்.

இரண்டையும் சாந்தகுமாரிக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

“ரெண்டுலயும் நான் அழுதுட்டே நிக்கிறேனே அக்கா. நான் எப்ப அழுதேன்?”

“கதைக்கு வேணுமேம்மா.”

“கதைக்கு வேணும்னா நீங்க அழுங்க. நான் நாளைக்கு அங்கயே போறேன். வீட்ல பேச்ச எடுத்தா எந்திரிச்சுப் போயிடுறாரு. அங்க எப்படிப் போவாரு?”

இதை நான் யோசிக்கவே இல்லை. கோல்கீப்பரின் கால்காப்புகளை அவிழ்க்க இரண்டு ஆள் வேண்டும்.

5

நகரும் படிக்கட்டு நகரவில்லை. மறுநாள் நானும் சாந்தகுமாரியும் நான்கு மாடியும் ஏறினோம். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: தனசேகரனின் பதிலை நான் எழுதப்போவதில்லை. அவனை எனக்குத் தெரிந்த அளவு இப்போது உங்களுக்கும் தெரியும். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவன் மாவ்பிக்குப் போனால் அந்த அம்மாள் என்ன சொல்வார் என்பதும் உங்கள் பாடு.

சாந்தகுமாரி செருப்பைக் கரையில் விட்டாள். இங்கே பெண்களும் கட்டும் லுங்கியைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்தாள். ஜமால் முக்காலியை எடுத்துக்கொண்டு மரியாதையாக ஒதுங்கினான்.

“டியூட்டில இருக்கேன் சாந்தா” என்றது முகமூடிக்குள்ளிருந்து ஒரு குரல்.

“அதைக் கழட்டுங்க.”

கழற்றினான். அவன் முகம் வியர்த்திருந்தது.

“ஞாயித்துக்கிழமை மாவ்பிக்குப் போங்க. நான் கூட வரல. நீங்க மட்டும் போயி, எங்கம்மா முன்னாடி நின்னு, ‘அத்தை, இனிமே எங்களோடயே வந்து இருங்க’ன்னு உங்க வாயால கூப்பிடுங்க.”